குதிகாலில் எடுத்த ஐந்து சொட்டு: கும்பகோணத்தில் ஒரு பச்சிளங்குழந்தைப் பரிசோதனைச் சேவை

என் மகளின் தலைப்பிரசவத்துக்காகக் கடந்த சித்திரையில் கும்பகோணத்தில் ஒரு தனியார் மகப்பேறு மருத்துவமனையில் ஆறு நாட்கள் தங்கியிருந்தோம். பிறந்த குழந்தைக்கென்று அங்கே தனிக் கட்டணத்தில் செய்யும் பரிசோதனைத் தொகுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறை சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். கட்டணம் 4,200 ரூபாய். பிரசவச் செலவில் இது சேராது.

தொகுப்பில் மூன்று சோதனைகள் உண்டு. பிறந்து ஒரு நாள் கழிந்ததும் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்தார்கள். இரண்டும் 95 சதவீதத்துக்குக் குறையாமலும், இரண்டுக்கும் இடையே மூன்றுக்கு மேல் வித்தியாசம் இல்லாமலும் இருந்தால் பிறவி இதயக் கோளாறு குறித்து உடனடியாகச் சந்தேகப்பட வேண்டியதில்லை என்றார்கள். ஐந்து நிமிட வேலை. செவித்திறன் சோதனைக்கு வந்த பெண், குழந்தை பால் குடித்துத் தூங்கும் வரை பொறுமையாகக் காத்திருந்து, மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் கருவியைக் காதில் வைத்தார். இடது காதுக்கு ‘ரெஃபர்’, அதாவது மறுபடி பார்க்க வேண்டும், என்று வந்தபோது என் மகளின் முகம் சுண்டிப்போயிற்று. பிறந்த புதிதில் காதினுள் நீர் தங்கியிருந்தாலும் இப்படி வரும், ஒரு மாதத்துக்குள் மறுபடி பார்த்துக்கொள்ளலாம், குறை இருந்தாலும் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கிவிட்டால் பேச்சு வளர்ச்சி பெரிதும் பாதிக்காது என்று அந்தப் பெண்ணே அங்கேயே விளக்கிச் சொன்னார். மூன்றாம் வாரம் பார்த்தபோது இரண்டு காதும் சரியாக இருந்தன.

மூன்றாவது, தைராய்டு போன்ற பிறவிக் குறைகளைக் கண்டறியக் குதிகாலில் ரத்தம் எடுக்கும் சோதனை. ரத்தம் எடுத்த செவிலியரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். குழந்தை புதன்கிழமை இரவு பிறந்தது. சனிக்கிழமை காலையில்தான் ரத்தம் எடுத்தார்கள். பிறந்தவுடன் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் எல்லாக் குழந்தைகளுக்குமே தாறுமாறாக ஏறும் என்பதால், 48 மணி நேரமாவது கழிந்த பிறகு எடுத்தால்தான் முடிவை நம்பலாம் என்பது காரணம். செவிலியர் வெதுவெதுப்பான துணியால் பாதத்தைச் சுற்றிவைத்து, குழந்தையைத் தாயிடம் பால் குடிக்கவிட்டு, குதிகாலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினார். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அட்டையில் இருந்த ஐந்து வட்டங்களிலும் வட்டத்துக்கு ஒன்றாக ரத்தத்தை ஊறவிட்டார். குழந்தை ஒருமுறை வீறிட்டதோடு சரி. அட்டையை வெயில் படாத இடத்தில் தட்டையாக வைத்து நாலு மணி நேரம் உலரவிட்டார். அப்பளம் காயவைத்துப் பழகிய கைதான் எனக்கு; இருந்தாலும் அவ்வளவு நிதானம் எனக்கு வராது.

இத்தனை அக்கறையோடு எடுத்த அட்டை அந்த மேசையைவிட்டு மூன்று நாட்களாக நகரவில்லை. சனிக்கிழமை மதியத்துக்குமேல் கூரியர் இல்லை, மறுநாள் ஞாயிறு, திங்கள் மே தினம். செவ்வாயன்றுதான் சென்னை ஆய்வகத்துக்குப் போயிற்று. குழந்தை பிறந்த பதின்மூன்றாம் நாள் இரவு எட்டு மணிக்கு வரவேற்பறையிலிருந்து ஒரு பையன் தொலைபேசியில் அழைத்து, “ஒரு டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்திருக்கு, நாளைக்கு டாக்டரைப் பாருங்க” என்றான். என்ன டெஸ்ட் என்று கேட்டதற்கு அவனுக்குத் தெரியவில்லை. அந்த இரவு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

பிறவியிலேயே தைராய்டு குறைவாக உள்ள குழந்தைக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கினால்தான் மூளை வளர்ச்சியை நன்றாகக் காப்பாற்ற முடியும். எங்கள் பேரனுக்குத் தைராய்டு சரியாக இருந்தது. இல்லாதிருந்தால் எங்களிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு நாள். பணம் வாங்கிச் செய்யும் சேவையில் இந்தத் தாமதத்தை என்னால் சிறு குறையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பேரனுக்குக் குறைவாக இருந்தது ஜி6பிடி என்ற நொதி. மறுநாள் குழந்தை மருத்துவர் பேசிய விதத்துக்காக அந்த மருத்துவமனைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அறிக்கையைத் திறப்பதற்கு முன்பே, “குழந்தைத் துணிகளுக்குப் பாச்சை உருண்டை போட்டு வைப்பீர்களா?” என்று கேட்டார். எனக்குச் சட்டென்று தூக்கிவாரிப்போட்டது. தொட்டில் கட்டவும் குழந்தையைத் துடைக்கவும் நான் எடுத்துவந்த பழைய நூல் புடவைகளும் வேட்டிகளும் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்தவை. அவற்றின் மடிப்பில் மிளகளவுக்குத் தேய்ந்த உருண்டைகள் கிடந்ததை நானே உதறிப்போட்டிருந்தேன். இந்த நொதி குறைந்த குழந்தைகளுக்கு அந்த உருண்டையில் உள்ள நாப்தலினின் வாடையே சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள்காமாலையை ஏற்றிவிடும் என்றார். நான்காம் நாள் குழந்தையை நீல விளக்கின் கீழ் ஒன்றரை நாள் வைத்திருந்ததற்கும் இந்தக் குறைபாடு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றார். பெயர் சூட்டும் நாளன்று பாதத்தில் வைக்கலாமென்று என் நாத்தனார் அரைக்க இருந்த மருதாணியும் கூடாதாம். தவிர்க்க வேண்டிய மருந்துகளைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டே வைத்திருந்தார்.

வெக்கையிலும் ஈரப்பதத்திலும் உலர்ந்த அட்டை கிடந்தால் இந்த நொதி தானாகவே குறைந்துபோகக்கூடும் என்பதால், இரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்து உறுதிசெய்த பிறகே எதையும் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அப்போதுதான் அந்த மூன்று நாட்களின் அருமை எனக்கு முழுதாக விளங்கியது. மறு சோதனையிலும் குறைவு என்றே வந்தது. அதற்கு 900 ரூபாய் தனியாக வாங்கினார்கள். தங்கள் மேசையில் கிடந்த அட்டையால் எழுந்த சந்தேகத்தைத் தீர்க்கவும் எங்களிடமே வாங்கியது நியாயமாகப் படவில்லை.

இது தாய்வழியாக வந்து பெரும்பாலும் ஆண் குழந்தைகளிடம் வெளிப்படும் குறைபாடு. அறையில் சம்பந்தியம்மாளும் இருந்தார். பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். மருத்துவருக்கும் தெரிந்திருக்கிறது. “அம்மா, இதில் உங்கள் மருமகள் செய்த தப்பு ஒன்றுமில்லை. இந்தத் தாளில் உள்ளதை ஒதுக்கிவிட்டால் உங்கள் பேரன் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஓடி விளையாடுவான். தாளை நீங்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று அதைச் சம்பந்தியம்மாளின் கையிலேயே கொடுத்தார். அவர் அதைப் பிள்ளையின் தடுப்பூசி அட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறார். பேச்சு அதோடு நின்றது.

கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள் அரசு வழியையும் கேட்டுப் பார்க்க வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளைப் பிறவிக் குறைபாடுகளுக்காகப் பார்த்து, தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் விவரம் சொல்வார்.

ஆவணியில் என் மருமகளுக்குப் பிரசவம். அந்தச் செவிலியருக்காகவும் மருத்துவருக்காகவும் அதே இடத்துக்குத்தான் போவோம். சனிக்கிழமை ரத்தம் எடுத்தால் அட்டை அன்றே புறப்படுமா, முடிவை யார் அழைத்துச் சொல்வார் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.