கல்வியியலும் கால்நடை மருத்துவமும் தேடிக் கொடுக்கிற ஒருவரின் பார்வையில் கூகுள் ஸ்காலர்

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் ஆய்வு மாணவர்களுக்குக் கட்டுரைகள் தேடிக் கொடுப்பது என் வேலை. கல்வியியல் படிப்பவர்களும் வருவார்கள், கால்நடை மருத்துவம் படிப்பவர்களும் வருவார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான பழக்கம் ஒன்று உண்டு: என் மேசைக்கு வருவதற்கு முன்பே, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுளின் இலவசச் சேவையான கூகுள் ஸ்காலரில் தேடிப் பார்த்திருப்பார்கள். அதனால் அந்தச் சேவையைப் பற்றி நான் நினைப்பதை எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஸ்காலரை மிகவும் பிடிக்கும். தேடல் பெட்டியைவிட, ஒவ்வொரு முடிவுக்கும் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் 'சைட்டட் பை' இணைப்புக்காகவே பிடிக்கும். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டி அதற்குப் பிறகு யார் யார் எழுதினார்கள் என்ற பட்டியல் அங்கே கிடைக்கும். ஒரு கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் நூற்பட்டியல் நம்மைப் பின்னோக்கி மட்டுமே கூட்டிப் போகும். இந்த இணைப்பு முன்னோக்கிக் கூட்டிப் போகிறது, அதுவும் துறை பார்க்காமல்.

புதிதாக வரும் மாணவர்களுக்கு இதை விளக்க நான் எப்போதும் பாறு கழுகுக் கட்டுரையைத்தான் எடுப்பேன். 2004-ல் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் நேச்சர் இதழில் எழுதியது. பாகிஸ்தானில் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததற்குக் காரணம் கால்நடைகளுக்கு வலி குறையப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற மருந்துதான் என்று அதில் காட்டினார்கள். மருந்து போட்ட மாடு செத்தால் அதன் உடலில் மருந்து மிச்சம் இருக்கிறது. அந்த உடலைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து, பறவை செத்துப் போகிறது. நோய்க்கிருமியையே சந்தேகித்துக்கொண்டிருந்த காலத்தில் வந்த கட்டுரை இது.

இப்போது அதன் கீழே இருக்கும் 'சைட்டட் பை'யை அழுத்துங்கள். 2006-ல் ப்ளோஸ் பயாலஜியில் வந்த ஆய்வு கிடைக்கும்: மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து கழுகுகளுக்குக் கெடுதல் செய்யவில்லை. இந்தியா கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் பயன்படுத்துவதைத் தடை செய்ததும் அந்த ஆண்டில்தான். இன்னும் கீழே போனால் 2010-ல் கீட்டோபுரோஃபென் என்ற வேறொரு மருந்தும் கழுகைக் கொல்கிறது என்ற எச்சரிக்கை. இதுவரைக்கும் கால்நடை மருத்துவமும் வன உயிரியலும்தான். அப்புறம் திடீரென்று 2024-ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ வருகிறது, பொருளாதார ஆய்விதழ். இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இருவரும் இந்தியாவில் கழுகுகள் அழிந்ததால் மனிதர்களுக்கு என்ன ஆனது என்று மாவட்ட வாரியாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். கழுகு தின்ன வேண்டிய சடலங்கள் அப்படியே கிடக்கின்றன, தெருநாய்கள் பெருகுகின்றன, வெறிநாய்க்கடி கூடுகிறது, தண்ணீர் கெடுகிறது. 2000-லிருந்து 2005 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் உயிர்கள் கூடுதலாகப் போயின என்பது அவர்கள் மதிப்பீடு.

மாட்டு மருந்தில் தொடங்கிய ஒரு கேள்வி இருபது வருடத்தில் மனிதர்களின் இறப்புக் கணக்கு வரை வந்திருக்கிறது. கால்நடை மருத்துவத் தரவுத்தளத்தில் மட்டும் தேடுகிறவருக்கு இந்தப் பொருளாதாரக் கட்டுரை எளிதில் கண்ணில் படாது. பொருளாதார மாணவருக்கு ஓக்ஸின் கட்டுரை படாது. இரண்டையும் ஒரே கயிற்றில் கோத்துக் காட்டும் இலவசச் சேவை என்று நான் முதலில் கைகாட்டுவது ஸ்காலரைத்தான். இந்த ஒன்றுக்காகவே அனுராக் ஆச்சார்யாவுக்கும் அலெக்ஸ் வெர்ஸ்டாக்குக்கும் நன்றி சொல்ல வேண்டும். 2004 நவம்பரில் இதைத் தொடங்கி வைத்தவர்கள் அவர்கள்.

இரண்டாவது பலம் கட்டுரையின் முழு உரையிலும் தேடுவது. மருத்துவக் கட்டுரைகளுக்கான தரவுத்தளமான பப்மெட், தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்கள் இவற்றில்தான் தேடும். ஆசிரியர்களின் பணிச்சோர்வைப் பற்றி ஆய்வு செய்கிறவருக்கு, மாஸ்லாக் பர்ன்அவுட் இன்வென்டரி என்ற கேள்வித்தாளைப் பயன்படுத்திய ஆய்வுகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பல கட்டுரைகளில் அந்தப் பெயர் ஆய்வுமுறைப் பகுதியின் நடுவில் ஒரு வரியில்தான் இருக்கும், சுருக்கத்தில் இருக்காது. ஸ்காலரில் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் அதுவும் வந்து நிற்கும். மருந்தின் அளவு, பாக்டீரியா வகையின் எண், பரிசோதனைக் கருவியின் பெயர் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

மற்ற வசதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வலப்பக்கம் பிடிஎஃப் இணைப்பு இருந்தால் இலவசப் பிரதி இருக்கிறது. இல்லாவிட்டால் 'ஆல் வெர்ஷன்ஸ்' பார்க்க வேண்டும், ஆசிரியர் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் போட்டு வைத்த பிரதி அங்கே ஒளிந்திருக்கும். மின்னஞ்சல் அறிவிப்பு நன்றாக வேலை செய்கிறது.

இனி குறைகள். இங்கேதான் என் மாணவர்களிடம் அதிகம் வாதாட வேண்டியிருக்கிறது.

'ஐம்பதாயிரம் முடிவு வந்தது, நல்ல தலைப்பு' என்று யாராவது சந்தோஷமாக வந்தால், அந்த எண்ணை நம்ப வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது தோராயம். எத்தனை வந்ததாகச் சொன்னாலும் ஸ்காலர் காட்டுவது முதல் ஆயிரம் வரைதான். தேடல் வாசகம் 256 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. எந்தெந்த இதழ்களை உள்ளே எடுத்திருக்கிறோம் என்ற முழுப் பட்டியலை அவர்கள் வெளியிடுவதும் இல்லை. தேதி வாரியாக வரிசைப்படுத்தினால் கடைசி ஓராண்டில் சேர்ந்தவை மட்டும் வரும், அது தெரியாமல் 'புதுசா எதுவுமே இல்லை' என்று திரும்புகிறவர்கள் உண்டு.

ஒரு கேள்வியைப் பற்றி வந்த எல்லா ஆய்வுகளையும் தேடித் தொகுக்கும் முறைப்படியான தொகுப்பாய்வு செய்கிறவருக்கு இவை பெரிய தடைகள். அதே தேடலை இன்னொருவர் செய்தால் அதே முடிவு வர வேண்டும் என்பது அந்த ஆய்வின் அடிப்படை. 2020-ல் குசன்பாவர், ஹடவே இருவரும் 28 தேடல் சேவைகளை இந்தக் கோணத்தில் சோதித்து, ஸ்காலர் முதன்மைத் தேடலுக்கு ஏற்றதல்ல, துணைத் தேடலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். என் அனுபவமும் அதேதான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது தரம். ஸ்காலர் ஒரு இயந்திரம், ஆய்வுக்கட்டுரை போலத் தோன்றுவதை உள்ளே எடுத்துக்கொள்ளும். 2010-ல் சிரில் லாபே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், ஐக் அன்ட்கேர் என்று இல்லாத ஒரு விஞ்ஞானியை உருவாக்கினார். கணினி நிரல் எழுதிய அர்த்தமில்லாத கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்ட வைத்து, ஸ்காலர் கணக்கில் அந்த ஆளுக்கு 94 என்ற எச்-இண்டெக்ஸ் வர வைத்தார், அதாவது குறைந்தது 94 முறை மேற்கோள் பெற்ற 94 கட்டுரைகள். அது பழைய கதை என்று விட முடியவில்லை. 2024-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், சாட்ஜிபிடி வழக்கமாகச் சொல்லும் சில வாக்கியங்களை ஸ்காலரில் தேடி, வெளியில் சொல்லாமல் அதை வைத்து எழுதியதாகச் சந்தேகிக்கத்தக்க 139 கட்டுரைகளைக் காட்டினார்கள். அவற்றில் உடல்நலம், சுற்றுச்சூழல் பற்றியவை நிறைய. மாட்டுக்கு எத்தனை மில்லிகிராம் மருந்து என்று பார்க்க வருகிறவர் இப்படியொரு கட்டுரையில் இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

மேற்கோள் எண்ணிக்கையும் ஏமாற்றும். கல்வியியலில் இதற்கு நல்ல உதாரணம் 'கற்றல் பாணி'. பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர் என்று மாணவர்களைப் பிரித்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்ற கருத்து. அதைத் தேடினால் அந்தப் பாணிகளை முன்வைத்த கட்டுரைகள் ஆயிரக்கணக்கான மேற்கோள்களோடு வரிசை கட்டும். அப்படிப் பிரித்துக் கற்பிப்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று பாஷ்லர் குழுவினர் 2008-ல் எழுதியதும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கும். மேற்கோள் எண் யார் ஆதரித்தார், யார் மறுத்தார் என்று சொல்லாது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையைப் பற்றி 2019-ல் ஒரு ஆய்வு வந்தது. அதை மேற்கோள் காட்டியவர்களில் சுமார் 73 சதவீதம் பேர் அதை மறுக்கவே காட்டியிருந்தார்கள். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது புகழாகத் தெரியும்.

சரி, என்ன செய்யலாம்? துறைக்கென்று இருக்கும் தரவுத்தளத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். கால்நடை மருத்துவத்துக்கு பப்மெட், கூடவே உலக உணவு வேளாண் அமைப்பின் அக்ரிஸ். நூலகம் சந்தா கட்டியிருந்தால், வேளாண்மை, கால்நடைக் கட்டுரைகளுக்கான காப் அப்ஸ்ட்ராக்ட்ஸ் தரவுத்தளத்தையும் விடாதீர்கள். மாட்டு மடிநோயை ஆளுக்கொரு பெயரில் எழுதியிருப்பார்கள், ஆனால் பப்மெட்டின் குறிச்சொல் தொகுப்பில் அதற்கென்று ஒரே தலைப்பு இருக்கிறது. மெஷ் என்று அந்தத் தொகுப்புக்குப் பெயர். எந்த விலங்கு என்பதற்கும் தனிக் குறி உண்டு. கல்வியியலுக்கு எரிக், அமெரிக்கக் கல்வித் துறை நடத்துவது, 1960-களிலிருந்து வருகிறது. சக ஆய்வாளர் மதிப்பிட்டவை மட்டும், முழு உரையும் கிடைப்பவை மட்டும் என்று அதில் வடிகட்டலாம். தொடக்கப் பள்ளியா கல்லூரியா என்றுகூடப் பிரிக்கலாம். மாணவர் இடைநிற்றலைத் தேடுகிறவர் எரிக்கின் சொற்களஞ்சியத்தைத் திறந்தால் 'ஸ்கூல் ஹோல்டிங் பவர்' என்ற தலைப்பும் இருப்பது தெரியும். தானாக யாருக்கும் தோன்றாத சொல், அதன் கீழே நல்ல கட்டுரைகள் இருக்கின்றன.

நான் செய்யும் வரிசை இதுதான்: எரிக்கிலோ பப்மெட்டிலோ நம்பகமான ஐந்தாறு கட்டுரைகளைப் பிடித்துக்கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாக ஸ்காலரில் போட்டு 'சைட்டட் பை' வழியே நடப்பேன். துறையை மாற்றி எங்கெங்கோ போவது அதற்குப் பிறகுதான். கிடைப்பதை, மேற்கோள்களைச் சேமித்து வைக்கும் மென்பொருளான ஜோட்டெரோவில் சேர்ப்பேன். அதில் ஒரு நன்மை, தவறோ மோசடியோ தெரிந்து இதழால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதாவது நம் தொகுப்பில் இருந்தால் சிவப்பில் எச்சரிக்கும். அப்படிப்பட்ட கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுகளை வைத்து 2019 முதல் அது இதைச் செய்கிறது.

ஸ்காலரிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டென்றால் அது இதுதான். அந்த ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுகளை, கட்டுரைகளுக்கு அடையாள எண் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பு 2023-ல் வாங்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. இலவச மென்பொருளான ஜோட்டெரோ எச்சரிக்கை செய்கிறது, பப்மெட்டும் கட்டுரைப் பக்கத்தின் மேலேயே அதைப் பட்டையாகப் போட்டுவிடுகிறது. உலகம் முழுக்க முதலில் திறக்கும் தேடல் பக்கத்திலும், 'சைட்டட் பை'க்குப் பக்கத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று ஒரு குறி வந்தாக வேண்டும்.