காந்தக் குமிழ் பொருத்திய பிறகு: ஒரு கண்ட்ரோலரின் நீண்டகால அனுபவம்

காரைக்குடியில் என் வீடியோ கேம் கண்ட்ரோலரைப் பழுதுபார்த்து வாங்கிவந்த செய்தி தெரிந்ததும், விலை குறைந்திருக்கும் இந்த நேரத்தில் அதே மாடலை வாங்கலாமா என்று பள்ளத்தூர் நண்பர் கேட்டார். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நான் சொல்லப்போகும் குறை ஒரே நிறுவனத்தோடு நிற்பதும் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டுமே சுழலும் எங்கள் பழைய வீட்டில் உள்ளங்கை எவ்வளவு வியர்த்தாலும் இது நழுவுவதில்லை. ஆத்தங்குடிக் கல் தரையில் பலமுறை விழுந்தும் ஓட்டில் கீறல்களைத் தவிர வேறு சேதமில்லை. பொத்தான்களும் பேட்டரியும் இன்றும் குறைசொல்ல இடம் தரவில்லை.

கட்டைவிரலால் தள்ளித் திசை காட்டும் இடது குமிழ்தான் என்னைப் படுத்தியது. விரலை எடுத்த பிறகும் திரையில் என் ஆட்டக்காரர் மெல்ல இடப்பக்கம் நடந்துகொண்டே இருந்தார். அமைப்புகளில் டெட்ஜோனை, அதாவது குமிழின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் நடு எல்லையை, கூட்டியதும் நடை நின்றது. ஆனால் குமிழை மயிரிழையளவு அசைத்துக் குறிபார்க்கும் நுணுக்கமும் அதோடு போயிற்று. குமிழின் ஒவ்வோர் அச்சுக்கும் உள்ளே ஒரு பொட்டென்ஷியோமீட்டர் இருக்கிறது. அதன் கரித்தடத்தின் மீது ஒரு தொடுமுனை உரசி நகர, அங்கே மாறும் மின்னழுத்தத்தைக் கொண்டே குமிழின் நிலை அறியப்படுகிறது. உரசுவது தேயும், தேய்ந்த தூளும் தெருப் புழுதியும் சேர்ந்தால் நடுநிலை பிசகும். பழைய ரேடியோவின் ஒலிக்குமிழ் கரகரப்பதும் இதே கோளாறுதான் என்று கடைக்காரத் தம்பி சொல்லிச் சிரித்தார்; எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் 1998இல் வந்த சேகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட் விளையாட்டுக் கருவியின் குமிழ், உரசலே இல்லாமல், காந்தத்தையும் அதன் புலத்தை உணரும் ஹால் சென்சாரையும் கொண்டு இயங்கியது. இத்துறையில் ஒருவர் கண்டதை மற்றவர் எடுத்துக்கொள்ளத் தயங்கியதே இல்லை. நிண்டெண்டோ 64 கருவி 1996இல், தள்ளும் அளவையும் உணரும் அனலாக் குமிழையும், மறு ஆண்டு தனியே செருகும் அதிர்வுப் பெட்டியையும் கொண்டுவர, சோனி அந்த 1997ஆம் ஆண்டிலேயே இரண்டு குமிழ்களையும் அதிர்வையும் ஒரே கண்ட்ரோலருக்குள் அடக்கி டூயல்ஷாக்கை வெளியிட்டது. சோனியின் 2020ஆம் ஆண்டு டூயல்சென்ஸ் கண்ட்ரோலரில் சுட்டுவிரல் அழுத்தும் விசைகளே விரலை எதிர்த்து நிற்கின்றன. இத்தனை போட்டியிலும் சேகாவின் காந்தத்தை மட்டும் பெரிய நிறுவனங்கள் தங்கள் வழக்கமான கண்ட்ரோலர்களில் பரவலாக எடுத்துக்கொள்ளாதது வியப்பு. பொட்டென்ஷியோமீட்டர் மலிவானது, புதிதாக இருக்கும்போது துல்லியமானது என்பதை நியாயமாக ஒப்புக்கொள்கிறேன். 2023இல் வந்த டூயல்சென்ஸ் எட்ஜில் குமிழ்த் தொகுதியை நாமே கழற்றி மாற்றலாம். ஆனால் அந்த வசதி விலையுயர்ந்த மாடலுக்குத்தான் வாய்த்தது.

கடைக்காரத் தம்பி பழைய தொகுதியின் ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டு, ஹால் சென்சார் தொகுதியைப் பற்றவைத்துத் தந்தார். புதிய சுருள்வில் சற்று இளகலாக இருக்கிறது. அதற்கு விரல் பழகிவிட்டது. டெட்ஜோனை மறுபடி ஏறக்குறைய பூச்சியத்துக்கே இறக்கிவிட்டேன், ஆட்டக்காரர் நிறுத்திய இடத்தில் நிற்கிறார். நான் பிடித்த கண்ட்ரோலர்களில் இதைவிடச் சிறந்தது இல்லை.

இருந்தும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. விலை குறைந்திருந்தாலும் பெட்டிக்குள் வருவது அதே கரித்தடம்தான். புத்தம்புதுப் பொருளுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதைச் சரிசெய்யும் கூலியையும் கூடவே எடுத்துவைக்க எனக்கு மனம் வரவில்லை.