பைன் மரத்துக்கு ஆர்பரிஸ்ட்: கொடுத்த காசு தகும்

ஒஹாயோவில் கொலம்பஸ் பக்கம் பழைய வீடு வாங்கினால், வேலியோரம் நாலைந்து ஆஸ்திரியன் பைன் மரங்களும் சேர்ந்தே வரும். வயதான மரங்களில் கீழ்க்கிளை ஊசிகள் பழுப்பாவதும் இங்கே சகஜம். எங்கள் மரமும் அப்படித்தான் ஆரம்பித்தது. புல்லுக்கு உரம் போடும் கம்பெனிக்காரர் வண்டியை விட்டு இறங்காமலே, "பூஞ்சை, மாதாமாதம் மருந்தடிக்கணும்" என்று விலை சொன்னார். அப்போது ஆகஸ்ட். அவரை அனுப்பிவிட்டு ஐஎஸ்ஏ (சர்வதேச மரவளர்ப்புச் சங்கம்) சான்று பெற்ற ஆர்பரிஸ்ட், அதாவது மர நல நிபுணர், ஒருவரை வரவழைத்தோம்.

வந்தவர் முதலில் பார்த்தது எந்த ஊசி காய்ந்திருக்கிறது என்பதை. கிளையின் உட்புறமா, நுனியா? எங்கள் மரத்தில் அந்த ஆண்டுக் குருத்துகள்தான் போயிருந்தன. ஊசிகள் பாதி நீளத்திலேயே நின்று, பிசின் வழிந்து ஒட்டியிருந்தன. கீழே கிடந்த பழைய பைன் காய் ஒன்றை எடுத்துத் திருப்பி, லென்ஸையும் என் கையில் கொடுத்தார். செதில்கள் மேல் மிளகுப்பொடி தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். டிப்ளோடியா நுனிக்கருகல் என்ற பூஞ்சை நோய் என்றார். ஊசியின் நுனி மட்டும் காய்ந்து அடி பச்சையாக இருந்தால் டோதிஸ்ட்ரோமா என்ற வேறொரு பூஞ்சை நோயாக இருக்கலாம், அதற்குத் தாமிர மருந்து. மரம் மொத்தமும் சில வாரங்களில் பழுப்பானால் நூற்புழு (நூல் போன்ற நுண்புழு) வாடலைச் சந்தேகிக்க வேண்டும், அதற்கு வெட்டுவதைத் தவிர வழியில்லை. எல்லாம் சொல்லிவிட்டு, உறுதி செய்துகொள்ள ஒரு கிளையை ஆய்வகத்துக்கும் அனுப்பினார். அவர் சொன்னதேதான் முடிவாக வந்தது.

சிகிச்சை சாதாரணமானதுதான். மருந்து வசந்தத்தில் மட்டும்: மொட்டு வெடிக்கும்போது ஒருமுறை, அப்புறம் 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு முறை. குருத்து முற்றிய பிறகு அடிப்பது வீண். காய்ந்த கிளைகளை மழையில்லாத நாளில் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். பூஞ்சை காய்களில் தங்குவதால் கீழே விழுந்ததைப் பொறுக்கிவிடுவது நல்லது, ஆனால் மரத்திலேயே தொங்குவதை என்ன செய்வது? அதனால் நோய் முழுக்கப் போகாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். தழைச்சத்து உரம் வேண்டாம், வறட்சியில் வேருக்கு நீர் விட்டால் போதும் என்றார். உரம் விற்பவர் இதைச் சொல்வாரா!

குறைகளும் உண்டு. வசந்தத்தில் இவரைப் பிடிப்பது கஷ்டம். பார்வைக் கட்டணம் தனி, மருந்தடிக்க வேறு ஆள் பார்க்க வேண்டும். உயரமான மரத்துக்கு வீட்டுத் தெளிப்பான் எட்டாது, அதனால் அந்தச் செலவுதான் பெரியது. அறிக்கையும் ரொம்பச் சுருக்கம். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். போன கிளைகள் திரும்பவில்லை. இந்த ஆண்டுக் குருத்துகள் பெரும்பாலும் பச்சையாக இருக்கின்றன.

உங்களுடையது ஒரு கொத்துக்கு ஐந்து ஊசி உள்ள வெள்ளைப் பைன், இலையுதிர் காலத்தில் உட்புற ஊசிகள் மட்டும் மஞ்சளாகின்றன என்றால் யாரையும் கூப்பிடாதீர்கள். அது வருடாவருடம் உதிர்வதுதான்.