சாவிக்கொத்து யார் இடுப்பில்? திருமலையில் பார்க்கும் டிவி நாடகங்கள்

தமிழ்நாட்டுக் குடும்ப நாடகம் எதையாவது முதல் வாரம் பாருங்கள். மருமகள் வலது கால் எடுத்து வைத்து வருகிற வீடு மாமியாருடையது, சாவிக்கொத்து அவர் இடுப்பில். அடுத்த 500 அத்தியாயமும் அந்தச் சாவியைச் சுற்றித்தான் ஓடும். இலங்கையின் கிழக்கில், இங்கே திருகோணமலையில், நம் வழமை வேறு. வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து இருப்பார், குசினி பெண்ணின் தாய் கையில் இருக்கும். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் குடும்பங்களிலும் பெரும்பாலும் இதுதான் நடைமுறை. ஆகவே இங்கிருந்து பார்க்கிறவருக்கு மாமியார் மருமகள் சண்டை பாதிதான் ஒட்டுகிறது. முழுக்க ஒட்டுவது காசு: நகை, அடகு, காணி உறுதி, பங்கு. காசுக் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டு போகிற நாடகத்தை நம்பிப் பார்க்கலாம்.

அந்த வகையில் இன்றைக்கும் முதலிடம் 'மெட்டி ஒலி'க்குத்தான். 2002 முதல் 2005 வரை சன் டிவியில் போனது, இயக்கம் திருமுருகன். ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பன், அவ்வளவுதான் கதை. ஒரு மகள் வீட்டுச் சிக்கல் மற்ற மகள்களையும் தொடும், தகப்பனின் கையிருப்பையும் தொடும். தாய் சொல்லுக்குத் தலையாட்டி மனைவியை வதைக்கிற மாணிக்கமாகச் சேத்தன் நடித்ததைப் பார்த்தால் வயிறு எரியும். கொலை, கடத்தல் எதுவும் இல்லாமல் அந்த எரிச்சலை வரவைத்ததுதான் கெட்டித்தனம்.

'எதிர்நீச்சல்' 2022 பெப்ரவரியில் தொடங்கியது. 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம்தான் இயக்குநர். அப்பத்தாவின் 40 சதவீதச் சொத்துப் பங்கு யார் கைக்குப் போகும் என்ற ஒரே கேள்வி ஒரு வீட்டையே ஆட்டிவைத்தது. அந்தக் கேள்வி உயிரோடு இருந்த வரை ஒரு நாளும் தவறவிட மனம் வராது. ஆனால் பாரம் முழுவதும் ஆதி குணசேகரன் என்ற ஒரு பாத்திரத்தில் இறங்கியிருந்தது. அந்தப் பாத்திரத்தில் நடித்த மாரிமுத்து 2023 செப்ரெம்பர் 8இல் காலமானார். பிறகு வந்த வேல ராமமூர்த்தி நல்ல நடிகர். என்றாலும் அதட்டலுக்கு முன் மாரிமுத்து விடும் அந்தச் சின்ன இடைவெளி வேறொருவருக்கு வராது. எதிரே நின்ற பெண்களின் வசனமெல்லாம் அந்த இடைவெளிக்கு என்றே எழுதப்பட்டவை. 2024 ஜூனில் நாடகம் முடிந்தபோது கதை தளர்ந்துபோயிருந்தது.

நாடகம் ஏன் இழுபடுகிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். அரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக 20 முதல் 22 நிமிடம் மிஞ்சும். முன்கதையும் பாட்டும் 2, 3 நிமிடத்தை எடுத்துக்கொள்ளும். கூடத்தில் ஏழு பேர் நிற்கிறார்கள், ஒருவர் குண்டைத் தூக்கிப் போடுகிறார். கமரா ஏழு முகத்துக்கும் தனித்தனியாகப் போகும். முகத்துக்கு 3 வினாடி என்றால் 21 வினாடி. ஒரு அத்தியாயத்தில் பத்துத் தடவை இப்படிச் செய்தால் மூன்றரை நிமிடம் போய்விடும். வாரத்துக்கு ஆறு அத்தியாயம் என்றால் வாராவாரம் ஒரு சினிமா நீளத்துக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். புது இடம் தேட நேரமில்லை, இருக்கிற வீட்டுக்குள்ளேயே சண்டையைச் சுற்றவிடுகிறார்கள். எந்தப் பாத்திரத்தை நீட்டுவது, எதை வெட்டுவது என்பதில் வாராந்த ரேட்டிங்குக்குப் பெரிய பங்கு உண்டு. அது இந்திய வீடுகளில் மட்டும் எடுக்கிற கணக்கு, நம் வீட்டு டிவி அதில் சேராது.

மர்ம நாடகத்தை இந்த இழுவை அடியோடு கெடுத்துவிடும். குடும்பச் சண்டை திரும்ப வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு தடயத்தை நாலு நாள் திரும்பத் திரும்பக் காட்டினால் மர்மம் எங்கே இருக்கும்? நாகா இயக்கி, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'மர்மதேசம்' இதில் தப்பியதற்கு அது வாரம் ஒரு முறை வந்ததும் ஒரு காரணம். ஒரு கதை முடிந்து அடுத்தது தொடங்கும். அதில் வந்த 'ரகசியம்' என்ற கதை நவபாஷாண (ஒன்பது நச்சுப் பொருளால் ஆன) லிங்கமும் வைரவர் காவலும் கலந்தது. ஒழுங்கை முனை மரத்தடியில் சூலம் நட்டிருப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதைவிட ஒரு படி மேல், அதே தொடரின் 'விடாது கருப்பு' கதை. ஊரில் தண்டனை கொடுப்பது காவல் தெய்வமா, மனிதக் கையா என்ற கேள்வியை இரண்டு காலத்தில் மாறி மாறி நகர்த்துகிறது. பழைய காலத்துக் காட்சியில் போகிற போக்கில் வைத்த பொருளுக்கு நிகழ்காலத்தில்தான் பதில் வரும். கைபேசியை நோண்டிக்கொண்டு பார்த்தால் பிடிபடாது.

பார்க்கிற வழியிலும் கவனம் வேண்டும். ஐப்பசி பிறந்தால் இங்கே மாரி. பெருமழையில் டிஷ் படம் கட்டம் கட்டமாக உடைவது இயல்பு, மழை குறைந்ததும் தானாக வந்துவிடும். வெயில் நாளிலும் உடைந்தால் கோளாறு பெரும்பாலும் வயர் முனையில் இருக்கும். கடல் உப்பு அந்த இணைப்பை ஒன்றிரண்டு வருடத்தில் அரித்துவிடும். பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, முனையைக் கழற்றிப் பாருங்கள். நடுச் செம்புக் கம்பி பச்சை பிடித்திருந்தால் ஓர் அங்குலம் வெட்டி, புது முனை போட்டு, தண்ணீர் போகாத ஒட்டுநாடாவை வயர்ப் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். டிஷ்ஷைத் திருப்பிப் பார்ப்பது கடைசி வேலை. அதில் முதலில் கைவைத்தால் இருக்கிற படமும் போய்விடும்.

புது நாடகம் என்றால் முதல் மூன்று அத்தியாயமும் பார்த்துவிட்டு, மூன்றாம் கிழமையில் சனியும் அடுத்த திங்களும் பாருங்கள். முடிச்சைச் சனிக்கிழமை போட்டுத் திங்கட்கிழமை அவிழ்ப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். முதல் வாரத்து ரகசியம் இன்னும் கதவுக்குப் பின்னால் நின்று பாதி கேட்கிற நிலையிலேயே இருந்தால் அங்கேயே விட்டுவிடலாம். பழையதில் தொடங்குகிறவர் 'விடாது கருப்பு'க்குப் போகட்டும். இரவில் இரண்டு அத்தியாயத்துக்கு மேல் வேண்டாம், மூன்றாவதில் தடயம் மறந்துபோகும்.