புகைக்கு ஒரு ஸ்டார்: மும்பை செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் கொசு மருந்து காண்ட்ராக்ட்

கம்பெனி பெயர் வேண்டாம். வேலைக்கு வருகிற பையன்கள் நல்லவர்கள்.

முதல் ஆறு மாதம் குறையே இல்லை. 15 நாளுக்கு ஒரு தடவை வந்து படிக்கட்டுக்கு அடியில், மீட்டர் ரூமில், சாக்கடையோரத்தில் புகை அடித்தார்கள். ஜன்னலைத் திறந்துவைத்தே டியூஷன் எடுத்தேன். ஏழாம் மாதம் பிள்ளைகள் கணுக்காலைச் சொறிய ஆரம்பித்தார்கள். எட்டாம் மாதம், டீசல் நாற்றம்கூட அடங்கவில்லை, போர்டில் எழுதிய சமன்பாட்டின் மேலேயே ஒன்று வந்து உட்கார்ந்தது.

மருந்தில் தண்ணீர் கலக்கிறார்கள் என்பது செகரட்டரியின் கட்சி. எனக்கு வேறு சந்தேகம்: கொசுவே மருந்தைத் தாங்கப் பழகிவிட்டதோ? நான் பிளஸ் டூவுக்குக் கணக்கு சொல்லித் தருகிறவள்; எக்செலில் போட்டுப் பார்த்தேன். இவர்கள் அடிப்பது பைரித்ராய்டு வகை மருந்து; அது கொசுவின் நரம்பில் இருக்கும் சோடியம் கதவை மூடவிடாமல் செய்யும். கொசு துடித்துச் சாகும். அந்தக் கதவின் மரபணு மாறியிருந்தால் மருந்து சரியாகப் பிடிக்காது. மாறிய மரபணு நூற்றுக்கு ஒன்று, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் கொசு தப்பும் என்று வைத்துக்கொண்டேன். ஆக, தொடக்கத்தில் 10,000 கொசுவுக்கு 1. மற்றவை தலைமுறைக்கு 90 சதவீதம் சாகும். ஒரு தலைமுறைக்கு இரண்டு வாரம்.

13ஆம் தலைமுறையில், அதாவது 26 வாரம் கழித்தும், தப்பக்கூடியவை 100க்கு 2தான். யார் கண்ணிலும் படாது. 14இல் 7. 15இல் 31. 16இல் 78! ஃபார்முலாவைத் தப்பாக இழுத்துவிட்டேனோ என்று மறுபடி போட்டேன், அதேதான். நிஜத்தில் மருந்து படாத கொசுக்கள் வெளியிலிருந்து வந்து கலக்கும், வேகம் குறையும். என் 1 சதவீதமும் ஊகம்தான். ஆனால் கோடு போகிற விதம் இதுதான்: படுத்தே கிடந்து, திடீரென்று நிமிரும்.

போன் செய்தேன். "மருந்தை மாத்திட்டோம் மேடம்" என்றார்கள். அடுத்த தடவை வந்த தாராவிப் பையனிடம் கேனைக் காட்டச் சொன்னேன். முன்பு சைபர்மெத்ரின், இப்போது டெல்டாமெத்ரின். இரண்டுமே பைரித்ராய்டு, தட்டுவது அதே கதவை! மாலத்தியான் மாதிரி வேறு இடத்தில் அடிக்கிற மருந்தை மாற்றி மாற்றிப் போட்டால் அர்த்தம் உண்டு. மருந்து பட்டு 24 மணி நேரத்தில் 90 சதவீதத்துக்குக் கீழே செத்தால் கொசுவுக்கு மருந்து எதிர்ப்பு வந்தது உறுதி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அப்படி ஏதாவது சோதனை செய்தீர்களா என்று கேட்டேன். ஐஎஸ்ஓ சர்டிஃபிகேட்டை வாட்ஸப்பில் அனுப்பினார்கள்.

அந்தப் பையன் மட்டும் தானாகவே மாடி ஏறினான். "அக்கா, டேங்க் மூடி தெறந்து கெடக்கு, வந்து பாருங்க." டார்ச் வெளிச்சத்தில் தண்ணீரின் மேல்மட்டத்தில் புழுக்கள் படுக்கைவசமாக ஒட்டிக் கிடந்தன. அனோஃபிலிஸ் இனக் கொசுவின் புழு அப்படித்தான் கிடக்கும். மும்பையில் மலேரியாவைப் பரப்பும் ஸ்டெபென்சி என்கிற அனோஃபிலிஸ் வகை வளர்வதும் இந்த மாதிரி டேங்கில்தான். மூடியை அழுத்திப் பூட்டி, ஓவர்ஃப்ளோ குழாய் வாயில் நைலான் வலை கட்டினான். எந்த மரபணு இருந்தாலும் கொசு அதற்குள் நுழைய முடியாது.

அது காண்ட்ராக்டில் இல்லாத வேலையாம். அதற்கு 5 ஸ்டார். புகைக்கு 1.