வீட்டில் பிரஷர் கருவி: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

மேற்கையில் பட்டை கட்டிப் பொத்தானை அழுத்தினால் தானே காற்றேற்றி அளவு காட்டும் டிஜிட்டல் பிரஷர் கருவி ஒன்றை எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். மருத்துவமனையில் பார்க்கும்போதெல்லாம் அம்மாவுக்கு மேல் அளவு 160ஐ ஒட்டியே இருந்ததால், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் பார்த்துக் குறித்து வரும்படி மருத்துவர் சொன்னார். அதற்காகவே இதை வாங்கினோம்.

இது ஸ்டெதஸ்கோப் வைத்து ஒலியைக் கேட்கும் முறை அன்று. 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் கண்டறிந்த அந்த முறையில் மருத்துவரின் காதுதான் அளவைத் தீர்மானிக்கிறது. இந்தக் கருவியோ தமனியின் துடிப்பால் பட்டைக் காற்றில் எழும் நுண்ணிய அதிர்வுகளைப் பதிவுசெய்து, அவற்றிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்கிட்டுச் சொல்கிறது. கணக்கு என்பதால்தான் கை அசைந்தாலும் நாடித்துடிப்பு தாறுமாறாக இருந்தாலும் எண் தடுமாறுகிறது.

வாங்கும்போது விலையைவிடப் பட்டையின் அளவையே முதலில் பார்க்க வேண்டும். பெட்டியோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரை சுற்றளவுள்ள கைக்கு உரியது. அம்மாவுக்கு அது சரியாக இருந்தது, எனக்குப் போதவில்லை. தடித்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரையும் இருப்பதாகக் காட்டும் என்பதால், பெரிய பட்டையைத் தனியாக வாங்கினேன். கட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். அம்மாவின் ரவிக்கைக் கை இறுக்கமானது. அதைச் சுருட்டி மேலே ஏற்றினால் கயிறு கட்டியதுபோல் கையை நெரிக்கும் என்பதால், தளர்வான நைட்டி அணிந்திருக்கும் அதிகாலையே எங்களுக்கு உகந்த நேரமாயிற்று. சிறுநீர் கழித்துவிட்டு, காப்பிக்கும் மாத்திரைக்கும் முன், நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சின் மட்டத்துக்கு மேசைமேல் வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். இவற்றுள் அம்மாவுக்கு மிகக் கடினமாக இருந்தது பேசாமல் இருப்பதுதான்.

காலையிலும் இரவிலும் ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்த்துக் குறித்து, முதல் நாளின் எண்களை ஒதுக்கிவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுத்தபோது 128/78 வந்தது. மருத்துவமனையில் 140/90 எப்படி எல்லையோ, அப்படி வீட்டு அளவுக்கு 135/85 எல்லை என்று பல வழிகாட்டுதல்கள் கொள்கின்றன. மருத்துவமனைச் சூழலே அம்மாவின் அளவை ஏற்றிவிடுகிறது என்று விளக்கிய மருத்துவர், கருவியையும் வாங்கிப் பார்த்துத் தம்முடையதோடு ஒப்பிட்டுவிட்டு, மாத்திரையைக் கூட்டாமல் விட்டார். அந்தச் சராசரி மட்டும் இல்லாதிருந்தால் அம்மா தேவையற்ற ஒரு மாத்திரையோடு தலைசுற்றலையும் சேர்த்துச் சுமந்திருக்கக்கூடும்.

ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பாவுக்குப் பார்த்தபோது, ஒழுங்கற்ற துடிப்பைக் குறிக்கும் இதய அடையாளம் திரும்பத் திரும்ப ஒளிர்ந்தது. கை அசைந்தாலும் அது வரும் என்பதால் அதை நோயென்று கொள்ளக் கூடாது. ஆனால் அசையாமல் இருந்தும் மீண்டும் மீண்டும் வந்தால் ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும். அவருக்கு ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு, தெரிந்தது. இதயத்தில் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கக்கூடிய நிலை அது என்பதால், உறைவைத் தடுக்கும் மருந்து தொடங்கப்பட்டது. இத்தகைய துடிப்புள்ளவர்களுக்கு இந்தக் கருவி காட்டும் பிரஷர் எண்ணும் அவ்வளவு நம்பகமானதன்று.

குறைகளும் உண்டு. ரப்பர் குழாய் பட்டையோடு சேருமிடத்தில் மெல்லிய விரிசல் விழுந்து, மோட்டார் நெடுநேரம் இரைந்தும் காற்று ஏறாமல் பிழைக்குறி காட்டியது. பட்டையை மாற்றியதும் சரியாயிற்று. வீட்டுக்கு வருவோரெல்லாம் விளையாட்டாய்க் கையை நீட்டுவதால் கருவியின் நினைவகத்தில் யாருடைய எண் எதுவென்று தெரியாது; ஆகவே நோட்டுப் புத்தகமே மேல். பதற்றக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல், எண் சற்றுக் கூடியதும் அடுத்தடுத்துப் பார்த்து, அந்தக் கவலையாலேயே அதை மேலும் ஏற்றிக்கொள்வார்கள். 180/120க்கு மேல் காட்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ ஒரு பக்கக் கைகால் பலவீனமோ சேர்ந்திருந்தால் மட்டும் மறுபடி பார்த்துக்கொண்டிராமல் 108ஐ அழைத்துவிட வேண்டும். எண் இயல்பாக இருக்கும்போது இந்த அறிகுறிகள் வந்தாலும் அதேதான். மாரடைப்பு இல்லை என்று சொல்லும் திறன் இந்தக் கருவிக்குக் கிடையாது.

மணிக்கட்டில் கட்டும் வகை கைக்கு அடக்கமானதுதான் என்றாலும், கை சற்றுத் தாழ்ந்தாலே அளவு கூடிவிடுவதால், மேற்கைப் பட்டை பொருந்தாதவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.