கீழக்கரைச் சாலையில் பழைய சாமான் கடை: உருளிக்குப் போங்கள், லாந்தருக்கு வேண்டாம்

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ராமநாதபுரத்தில் இருந்து கீழக்கரை போகும் சாலையில், திருப்புல்லாணி தாண்டியதும் சாலையோரம் பார்த்துக்கொண்டே வந்தால், சுவரில் சாய்த்து வைத்த பழைய மரநிலை ஒன்றும் கவிழ்த்துப் போட்ட ஆட்டுக்கற்களும் தெரியும். அங்கே வண்டியை நிறுத்துங்கள். தகரக் கொட்டகைதான். உள்ளே ஒரு மின்விசிறி ஓடும், அதுவும் கடைக்கார பாய் உட்காரும் பக்கம் மட்டும். புரட்டாசியில் போனால் வேர்த்து ஊற்றிவிடும். பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். எங்கள் கடற்கரையில் அதில் முதல் பாதி தவறாமல் நடக்கும், இரண்டாவது பாதிக்கு ஐப்பசி வரை வானத்தைப் பார்க்க வேண்டும். கச்சான் காற்று அடங்கி, வாடை இன்னும் எடுக்காத நாட்களில் முருங்கை இலைகூட அசையாது.

இந்த வெக்கையில் நான் அங்கே போனதற்குக் காரணம் நவராத்திரி. சாயங்காலம் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சுண்டல் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். குக்கரில் வெந்த கடலையை எதில் கொட்டித் தாளித்துப் புரட்டுவது என்பதில் வருஷாவருஷம் தகராறு. இருக்கிற வாணலியில் பாதிக் கடலை அடுப்பு மேடைக்குப் போய்விடும். அகலமான வெண்கல உருளி ஒன்று வேண்டும், அப்புறம் மாமனாருக்கு ஒரு ஈசிசேர். இரண்டுமே இங்கே கிடைத்தன. ஒன்றில் எனக்கு முழுத் திருப்தி. இன்னொன்றில் பாதிதான்.

முதலில் உருளி. பாத்திரங்கள் எல்லாம் எடைக்கு விலை. நான் போனபோது பித்தளை கிலோ 700, வெண்கலம் 1,100 ரூபாய் என்றார். பழைய சாமான் கடைகளில் பித்தளையை வெண்கலம் என்று தள்ளிவிடுவது சகஜம் என்பதால், இரண்டையும் அடுத்தடுத்து வைத்து எது எது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு மரக்கரண்டியை எடுத்து நீட்டினார்.

"நீங்களே தட்டிப் பாருங்கம்மா. நான் சொன்னா வியாபாரத்துக்குச் சொல்றேன்னு நினைப்பீங்க."

வெண்கலத்தின் விளிம்பில் தட்டினால் ஓசை நீண்டு இழுக்கும். பித்தளையில் அந்த இழுப்பு இருக்காது, சட்டென்று அடங்கிவிடும். செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம், துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை என்பது நமக்குப் பள்ளிக்கூடத்தில் படித்தது. கடையில் உதவுவது காதுதான். அதே காது இன்னொன்றும் சொல்லும். வெண்கலம் கீழே விழுந்தால் நெளியாது, விரிசல் விடும். விரிசல் விட்ட உருளி ஓட்டைச் சத்தம் போடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்கு பாய் ஒரு வழி வைத்திருக்கிறார். உருளி நிறையத் தண்ணீர் ஊற்றி, பழைய செய்தித்தாள் மேல் வைத்துவிட்டு, "மத்ததைப் பார்த்துட்டு வாங்க" என்கிறார். திரும்பி வந்து தூக்கிப் பார்த்தேன், தாள் காய்ந்தே இருந்தது. இப்படிச் சோதித்துப் பார்க்க விடுகிற கடை காரைக்குடியிலும் எனக்கு அமையவில்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் சரக்கு இங்கே இருப்பதைவிடப் பத்து மடங்கு இருக்கும், அது வேறு விஷயம். ஆனால் வெளியூர்க்காரர்கள் கார் போட்டுக்கொண்டு வரும் தெரு அது, விலையும் அதற்குத் தகுந்த மாதிரிதான்.

நான் எடுத்தது மூன்று கிலோவும் கொஞ்சமும் இருந்தது, 3,400 ரூபாய்க்கு முடித்தோம். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. முதல் எழுத்துகள் தேய்ந்துவிட்டன, அதன் கீழே "முருகன் துணை" மட்டும் தெளிவாக நிற்கிறது. அந்த "ணை" பழைய எழுத்து, யானைத் தும்பிக்கை போட்டது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் பள்ளியில் படித்தவர்களின் கை. அதை மட்டும் வைத்து உருளிக்கு வயது சொல்லிவிட முடியாது, பழகின கை அப்புறமும் அப்படியேதான் வெட்டியிருக்கும். இருந்தாலும் யாரோ ஒரு பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தது என்பது வரை நான் கதை கட்டிவிட்டேன். பாயோ எந்தக் கதையும் சொல்லவில்லை. எங்கே வாங்கினார் என்று கேட்டதற்கு, "ஒரு வீட்டைப் பிரிச்சாங்க, எடைக்குப் போட்டாங்க" என்பதோடு சரி.

புளிபோட்டுத் தேய்த்து, தவிடும் தண்ணீரும் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டு, முதல் சமையலாக அதில் கருப்பட்டிப் பொங்கல் வைத்தேன். சாயல்குடிக் கருப்பட்டி. மண் இருக்கும் என்பதால் அதைத் தனியாகக் கரைத்து வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைந்த பிறகு பாகை விட்டுக் கிளறி, அடுப்பை அணைத்தாகிவிட்டது. நான் முந்திரி வறுத்து எடுத்துக்கொண்டு வரும்போதும் நடுவில் மொத்து மொத்தென்று கொதி வந்துகொண்டிருந்தது. அவ்வளவு கனம். மறுநாள் கடலைச் சுண்டல். கடுகு வெடித்ததும் முண்டு வற்றலைக் கிள்ளிப் போட்டேன், ஒரு கடலை வெளியே சிந்தவில்லை. எங்கள் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு வந்ததில் இருந்து மற்ற ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள். குண்டாக இருக்கும், குலுக்கினால் விதை உள்ளே உருளும். இந்த மாதத்தில் வீட்டில் இருப்பது போன வருஷத்து வற்றல்தான், புதுசுக்கு இனிமேல் பெய்கிற மழையை நம்பித்தான் விதைக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: புளி சேர்ந்த எதையும் நான் உருளியில் வைத்து ஆறவிடுவதில்லை. செய்தால் உடனே மாற்றிவிடுவேன்.

பித்தளை அடுக்குகளும் நிறைய இருக்கின்றன. உள்ளே பூசின ஈயம் போய் மஞ்சள் தெரிவதை வாங்கினால், மறுபடி ஈயம் பூசாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். "நானே பூசிக் கொடுத்துடறேன்" என்று பாய் சொல்வார். நீங்களே ஈயம் பூசுகிறவரிடம் எடுத்துப் போவது நல்லது. பாத்திரத்தைச் சூடாக்கி நவச்சாரத் தூளைத் தூவுவார், குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும். ஈயக் கம்பியைத் தொட்டதும் உருகி ஓடும், துணியால் ஒரே சுழற்று. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால்தான் ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் காணாமல் போகிறது. பூசுவது சுத்தமான வெள்ளீயம்தானா, காரீயம் கலந்ததா என்று நேரில் கேட்டுவிடுங்கள். காரீயம் விஷம். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

கல்சட்டியும் எடுத்து வந்தேன். சேலம் பக்கத்தில் இருந்து வருகிற புதுச் சட்டியைப் பழக்க வடிகஞ்சி, விளக்கெண்ணெய், மஞ்சள் என்று பல நாள் மெனக்கெட வேண்டும். இங்கே கிடைப்பது யாரோ ஏற்கெனவே பழக்கி, எண்ணெய் ஏறிக் கறுத்தது. வந்த அன்றே சுண்டைவற்றல் குழம்பு வைத்துவிட்டேன். கொதிக்கிற சட்டியை ஈரத் தரையில் மட்டும் வைக்காதீர்கள், பிளந்துவிடும். புரட்டாசி என்பதால் வீட்டில் மீன் இல்லை. அது தெரிந்தும் மீன்கார அக்கா எங்கள் வாசலில் குரல் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். மாமனார் முகத்தைப் பார்ப்பதற்காகவே கொடுக்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

லாந்தருக்கு வருகிறேன். கடையின் பின்பக்கம் வரிசையாகத் தொங்குகின்றன. எதைக் கேட்டாலும் "தனுஷ்கோடி ஸ்டேஷன்ல இருந்தது" என்று பதில் வரும். உருளிக்குக் கதையே சொல்லாத மனிதர், லாந்தர் என்றதும் 1964 டிசம்பர் புயலில் இருந்து ஆரம்பிக்கிறார். தொங்குகிற அத்தனையும் அங்கே எரிந்தவை என்றால், தனுஷ்கோடி ஸ்டேஷன் எழும்பூரைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், அடித்தகரத்தில் புது வெட்டு பளபளத்தது, மேலே துரு மட்டும் பழசாக இருந்தது. உப்புக்காற்றில் நான்கு மாதம் வெளியே போட்டால் எங்கள் ஊரில் எதுவும் அப்படித்தான் ஆகும். ராமேஸ்வரம் போய்த் திரும்புகிறவர்கள் வாங்குகிறார்கள். வாங்கட்டும்.

ஈசிசேர் 4,500 ரூபாய். பர்மா தேக்கு என்றார். கீழக்கரைக்காரர்கள் கடல் கடந்து வியாபாரம் பார்த்த குடும்பங்கள் என்பதால் அப்படி இருக்க வாய்ப்பு உண்டு. நான் மரத்தின் பெயரைவிட மற்றதைப் பார்த்தேன். கால்களில் வண்டுத் துளை இருக்கிறதா, இருந்தால் தட்டும்போது மாவு கொட்டுகிறதா. மாவு கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே வேலை செய்கிறது. இதில் பழைய துளை இரண்டு, மாவு இல்லை. திருகாணிகள் பித்தளை. கடற்கரை வீட்டுக்கு இரும்புத் திருகாணி வந்தால் மரத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். பின்னால் சாய்வை மாற்ற மூன்று பள்ளங்கள், மூன்றும் தேயாமல் இருந்தன. படுத்தும் பார்த்தேன். பாய் நாசூக்காகப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

குறை இதற்கு மேல்தான். நாளைக்கே அனுப்புகிறேன் என்றவர், சரஸ்வதி பூஜை முடிந்து பொம்மைகளைக் கட்டி வைத்த பிறகுதான் அனுப்பினார். வந்ததில் துணியை மாட்டுகிற மேல் கம்பு இல்லை. போனில் கேட்டால் "வண்டியில கிடக்கும்மா" என்கிறார், வண்டிக்காரர் கடையைக் கை காட்டுகிறார். கடைசியில் ஒரு மூங்கில் கம்பு கொடுத்தனுப்பினார்கள், அது நடுவில் வளைகிறது. துணியும் பூஞ்சை பிடித்தது. டவுனில் தார்ப்பாய் தைக்கிற கடையில் கோடு போட்ட கான்வாஸும், தச்சரிடம் ஒரு தேக்குக் கம்பும் வாங்கியதில் மேலே 900 ரூபாய் ஆனது. ஆக, மரச் சாமான் வாங்கினால் அங்கேயே பிரித்துப் பூட்டிப் பார்த்து, உங்கள் வண்டியிலேயே ஏற்றி வந்துவிடுங்கள்.

இப்போது மாமனார் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் சாய்ந்தால் மூன்றரை வரை எழுந்திருப்பதில்லை. அவர் நூலகத்துக்குப் போகிற நாட்களில் நான் சாய்ந்துகொள்வேன். கைப்பலகை அகலமாக இருப்பதால் டம்ளர் வைக்க இடம் தேட வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கடை சாத்தியிருக்கும், மூன்று மணிக்கு மேல் போங்கள். ஜிபே உண்டு என்பார், ஆனால் கொட்டகைக்குள் சிக்னல் கிடைக்காது, கையில் பணம் இருக்கட்டும். பேரத்தில் பாத்திரத்துக்குப் பெரிதாக இறங்க மாட்டார், மரத்துக்கு ஆயிரம் வரை இறங்குவார். மழை பிடித்துவிட்டால் தரையில் தண்ணீர் வருகிறது என்று நாற்காலி, பெட்டி எல்லாவற்றையும் பரணில் ஏற்றிக் கட்டிவிடுகிறார், தை வரை இறக்குவதில்லை. மரச் சாமான் வேண்டும் என்றால் தீபாவளிக்கு முன்னாலேயே போய்விடுங்கள்.